இலேசான துப்பாக்கியும் கனமான பொறுப்பும்

"கன்னியர் நடத்தும் பெண்கள் பள்ளியின் ஆண்டு மலரில் துப்பாக்கியைப் பற்றி ஒரு கட்டுரையா?" என்று பெற்றோரில் சிலர் வியப்படையக்கூடும். ஆனால் என்.சி.சி.யில் சேர்ந்துள்ள மாணவியருக்கு இது புதிய பொருள் அன்று. 1948-ல் நம் நாட்டில் என்.சி.சி. தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1949-ல், பெண்கள் பிரிவும் அமைந்தது. அன்று முதல் எத்தனையோ மாணவியர் பயிற்சி முகாமில் தரையில் படுத்து, கட்டையைத் தோளில் அணைத்து, 'பாயிண்ட் டூ டூ' ரைபிளால் அட்டையைக் குறிபார்த்துச் சுட்டிருக்கிறார்கள்.

இக்கட்டுரை எழுதக் காரணம் ஒரு கடிதம். என்னிடம் என்.சி.சி. பயின்ற பழைய மாணவி ஒருத்தி இப்போது அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் கணவருடன் வசிக்கிறாள். அவள் எழுதியிருந்தாள்: "டீச்சர், என் மகளுக்குப் பதினான்கு வயது ஆகிறது. இங்கே அப்பாவும் பிள்ளைகளும் இலையுதிர் காலத்தில் முயல் வேட்டைக்கும் அணில் வேட்டைக்கும் போவது வழக்கம். மகளும் போக ஆசைப்படுகிறாள். குறிபார்த்துப் பழகவும், பிறகு காட்டுக்கு எடுத்துப் போகவும் எடை குறைந்த .22 ரைபிள் ஒன்று வாங்க வேண்டுமாம். எதைப் பார்த்து வாங்குவது? எனக்குக் கற்றுக் கொடுத்தவர் நீங்கள்தானே!"

அவளுக்கு நான் எழுதிய பதிலை விரித்து, நம் மாணவியருக்குப் பாடமாக இங்கே தருகிறேன்.

விளிம்பில் வெடிக்கும் தோட்டா

முதலில் தோட்டாவை அறிந்துகொள்வோம். .22 என்பது குண்டின் குறுக்களவு. ஓர் அங்குலத்தை நூறு பங்காக்கினால் அதில் இருபத்திரண்டு பங்கு, ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர். இராணுவத் துப்பாக்கியின் தோட்டாவில், அடிப்பாகத்தின் நடுவே சிறு பொட்டுப்போல் ஒரு மூடி இருக்கும். வெடிமருந்தைப் பற்றவைக்கும் பொருள் அதற்குள் உள்ளது. .22 தோட்டாவில் அப்படிப்பட்ட மூடி இல்லை. பித்தளைக் கூட்டின் அடி விளிம்பு உள்ளே குழிவாக இருக்கிறது. அந்தக் குழிவில் பற்றுமருந்து பூசப்பட்டிருக்கிறது. துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கியதும் அது பற்றி, உள்ளேயுள்ள வெடிமருந்தை எரியச் செய்கிறது. விளிம்பில் வெடிப்பதால் இதற்கு 'ரிம்ஃபயர்' என்று பெயர்.

விளிம்பை ஊசி நசுக்க வேண்டுமானால் கூட்டின் தகடு மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய தகடு பெரிய அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே ரிம்ஃபயர் தோட்டாவில் மருந்து குறைவு, ஓசையும் குறைவு, தோளில் உதைப்பதும் மிகக் குறைவு, விலையும் மலிவு. தொடக்கப் பயிற்சிக்கு உலகெங்கும் இதையே கொடுப்பதன் காரணம் இதுதான். இன்று எங்கும் வழங்கும் '.22 லாங் ரைபிள்' என்னும் தோட்டா 1887-ல் அமெரிக்காவில் தோன்றியது. அதன் ஈயக் குண்டு பெரும்பாலும் 40 கிரெயின் எடை. அதாவது சுமார் 2.6 கிராம்தான்.

குண்டு சிறியது என்பதற்காக இதை விளையாட்டுப் பொருளாக எண்ணிவிடக் கூடாது. ஐம்பது மீட்டரில் அட்டையைத் துளைக்கும் அதே குண்டு, தடுப்பு இல்லாவிட்டால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழும். தண்ணீரிலோ கெட்டித் தரையிலோ பட்டால் எகிறி வேறு திசையில் பாயும். இதை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே படியுங்கள்.

எடை குறைந்தால் நல்லதா?

கடிதத்தில் 'எடை குறைந்த ரைபிள்' என்று கேட்டிருந்தாள். எடை குறைவு நல்லதுதானா? இதற்கு ஒரே விடை கிடையாது. தூக்கிக்கொண்டு நடப்பவருக்கு இலேசு நல்லது. குறிபார்ப்பவருக்குக் கனம் நல்லது.

இடுப்பில் வெறுங்குடத்தை வைத்து நடந்தால் அது ஆடும். நீர் நிறைந்த குடம் அவ்வளவு ஆடாது. துப்பாக்கியும் அப்படியே. நம் நாடித்துடிப்பும் மூச்சும் கைநடுக்கமும் இலேசான குழலை எளிதாக அசைத்துவிடும். கனமான குழலோ அந்தச் சிறு அசைவுகளுக்கு இடம் கொடாது. அதனால்தான் ஒலிம்பிக் போட்டியில் 50 மீட்டர் சுடும் பெண்கள் ஐந்து, ஆறு கிலோ எடையுள்ள ரைபிளைத் தாங்கி நிற்கிறார்கள். அவர்கள் சுடும் அட்டையில் பத்து மதிப்பெண்ணுக்குரிய நடுவட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர்தான், நம் சட்டைப் பொத்தான் அளவு.

ஆனால் ஆறு கிலோவைச் சுமந்து பதினான்கு வயதுப் பெண் காலையிலிருந்து மாலை வரை மேட்டிலும் பள்ளத்திலும் நடக்க முடியுமா? முடியாது. கை சோர்ந்தால் குறியும் தவறும். அதைவிட மோசமாக, துப்பாக்கியின் வாய் எங்கே பார்க்கிறது என்ற கவனமும் தவறும்.

சில அளவுகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். சிறுவருக்கெனச் செய்யப்படும் ஒற்றைத் தோட்டா ரைபிள்கள் ஒன்றேகால் கிலோவிலேயே கிடைக்கின்றன. 1964-ல் வெளிவந்து அமெரிக்காவில் இன்றும் புகழ்பெற்று விளங்கும் 'ரூகர் 10/22' ரைபிள் சுமார் 5 பவுண்டு, அதாவது இரண்டேகால் கிலோ. நம் என்.சி.சி. மாணவியர் கையாளும் .22 டீலக்ஸ் ரைபிள் 43 அங்குல நீளமும் 6 பவுண்டு 2 அவுன்சு எடையும் உடையது, ஏறத்தாழ 2.8 கிலோ. இராணுவ லீ-என்ஃபீல்டு ரைபிளின் அமைப்பில் .22 தோட்டாவுக்கெனச் செய்த பழைய பயிற்சி ரைபிள் நான்கு கிலோவை நெருங்கும். அதைத் தூக்கிப் பழகிய அக்காமாருக்கு அதன் கனம் மறந்திருக்காது.

பயிற்சிக்கும் காட்டுக்கும் ஒரே துப்பாக்கி என்றால், இரண்டரை முதல் மூன்று கிலோ வரை உள்ளதே நடுவழி என்று எழுதினேன். மிக இலேசானதை வாங்கினால் குறி பழகுவது கடினமாகும். பிள்ளை மனம் சோர்ந்துபோவாள். வளரும் பிள்ளைக்கு அது இரண்டு ஆண்டில் சிறியதாகவும் போய்விடும்.

குழலின் நீளத்தைப் பற்றியும் பலருக்குத் தவறான எண்ணம் உண்டு. நீளக் குழல் குண்டை வேகமாக அனுப்பும் என்று கருதுகிறார்கள். .22 தோட்டாவின் சிறிதளவு மருந்து, பதினாறு முதல் பத்தொன்பது அங்குலத்துக்குள் தன் வேலையை முடித்துவிடுகிறது. அதற்கு மேற்பட்ட நீளத்தால் வேகம் கூடுவதில்லை. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தூரம் கூடுவதும், முன்பக்கம் சற்றுக் கனப்பதும்தான் அதன் பயன்.

உடலுக்கு ஏற்ற அளவு

இனிச் சொல்லப்போவது நான் என் தவற்றால் கற்ற பாடம்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு முகாமில், உயரம் குறைந்த மாணவி ஒருத்தி ஐந்து தோட்டாக்களையும் அட்டைக்கு வெளியே சுட்டாள். "மனத்தை ஒருமுகப்படுத்து" என்று கடிந்துகொண்டேன். மறுபடி ஐந்து, மறுபடி வெளியே. அவள் கண்கலங்கி எழுந்து போனாள். அடுத்த ஆண்டு அவள் சுடுதளத்துக்கு வரவே இல்லை. பின்னர்தான் எண்ணிப் பார்த்தேன். அவள் கைக்கு அந்தக் கட்டை நீளமாக இருந்தது. விசையை எட்டுவதற்காக முகத்தை முன்னே நீட்டி, தோளை முறுக்கிப் படுத்திருந்தாள். அவள் இடது கண்ணை மூடவே சிரமப்பட்டதையும் கண்டேன், ஏனென்று கேட்கவில்லை. குறை மாணவியிடம் இல்லை. அளவு பார்க்காமல் கையில் கொடுத்த என்னிடம் இருந்தது.

ஆகவே அமெரிக்காவுக்கு எழுதிய பதிலில் முதல் வரியே இதுதான்: "கடைக்கு மகளையும் அழைத்துப் போ. அவள் இல்லாமல் வாங்காதே."

கட்டையின் நீளத்தை அளக்க எளிய வழி உண்டு. துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, கட்டையின் அடிப்பாகத்தை முழங்கையின் உள்மடிப்பில் வைக்க வேண்டும். சுட்டுவிரலின் முதற்கணு சிரமமின்றி விசையில் படிந்தால் அளவு சரி. விரல் எட்டாவிட்டால் நீளம். விரல் தாண்டிப் போனால் குட்டை. வளர்ந்தவருக்குச் செய்யும் கட்டை பெரும்பாலும் பதின்மூன்றரை அங்குலத்துக்கு மேற்பட்டது. சிறுமியருக்குப் பன்னிரண்டு அங்குலமே போதியதாக இருக்கலாம். இடையில் தகடுகள் சேர்த்து நீட்டக்கூடிய கட்டை கிடைத்தால் பிள்ளை வளர வளரத் துப்பாக்கியும் வளரும்.

அடுத்து, கண். நம் இரு கண்களில் ஒன்று தலைமை தாங்கும். வலக்கைப் பழக்கமுள்ள சிலருக்கு இடக்கண் தலைமை தாங்குவது உண்டு. இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சிறு முக்கோண இடைவெளி அமைத்து, தொலைவில் உள்ள மணிக்கூண்டையோ மரத்தையோ இரு கண்ணாலும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது அப்பொருள் இடைவெளியிலேயே நிற்கிறதோ அதுவே தலைமைக் கண். இடக்கண் தலைமையானால் இடத்தோளில் வைத்துச் சுடப் பழகுவது பலருக்கு நன்மை தரும். அப்படிப்பட்டவர் இடக்கைக்கு ஏற்ற ரைபிளைத் தேட வேண்டும்.

விசையும் குறியும்

துப்பாக்கி வாங்குவோர் மரத்தின் பளபளப்பைப் பார்க்கிறார்கள், விசையைப் பார்ப்பதில்லை. இரண்டரைக் கிலோ துப்பாக்கியில், விசையை இழுக்கவும் இரண்டரைக் கிலோ வலிமை வேண்டுமென்றால் என்ன ஆகும்? விரல் இழுக்கும்போது துப்பாக்கியே சேர்ந்து அசையும். எடை குறையக் குறைய, விசை மென்மையாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டியது முக்கியமாகிறது. இழுக்கையில் சொரசொரப்பில்லாமல், கண்ணாடிக் குச்சி ஒடிவதுபோல் சட்டென்று விடுபட வேண்டும். ஆயினும் கடையில் காலித் துப்பாக்கியை அனுமதியின்றி இழுத்துப் பார்க்கலாகாது. பல .22 துப்பாக்கிகளில் தோட்டா இல்லாமல் இழுத்தால், ஊசி தோட்டா அறையின் விளிம்பிலேயே அடித்து அதைப் பள்ளமாக்கிவிடும்.

குறிபார்க்கும் அமைப்பு மூவகை: திறந்த குறி, சிறு துளை வழியே பார்க்கும் குறி, தொலைநோக்கி. அட்டைச் சுடுதலைத் தொடங்குவோருக்குத் துளைக்குறியே சிறந்த ஆசிரியர். கண் தானாகவே துளையின் நடுவைத் தேடிக்கொள்ளும். காட்டில் மங்கிய ஒளியில் தொலைநோக்கி உதவும். பெருவிலங்கு வேட்டைத் தொலைநோக்கியை .22-ன் மேல் பொருத்தக் கூடாது. அது நூறு கெஜத்துக்கும் அதற்கு அப்பாலுக்கும் சீராக்கப்பட்டது. அருகில் பார்த்தால் கண் சற்று நகர்ந்தாலும் குறி நகரும். ஐம்பது கெஜத்துக்குச் சீராக்கிய, நான்கு மடங்கு பெரிதாக்கும் சிறு தொலைநோக்கி போதும்.

ஒவ்வொன்றாகவா, தொடர்ந்தா?

ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளும் ரைபிள் ஒன்று. விசையை இழுக்கும்தோறும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைபிள் மற்றொன்று. முன்சொன்ன ரூகர் 10/22 இரண்டாம் வகை. பத்துத் தோட்டா கொள்ளும். நல்ல துப்பாக்கிதான். ஆனால் பழகும் பிள்ளைக்கு நான் போல்ட் ரைபிளையே சொல்வேன். ஒரு தோட்டாவுக்கும் அடுத்த தோட்டாவுக்கும் நடுவே மூச்சு விட, "ஏன் தவறியது?" என்று சிந்திக்க அது நேரம் தருகிறது. போல்ட் திறந்திருந்தால், துப்பாக்கி சுடும் நிலையில் இல்லை என்பது அருகில் நிற்பவர் அனைவருக்கும் தெரியும். தாய்க்கு அதைவிட நிம்மதி என்ன வேண்டும்?

தோட்டாவிலும் தேர்வு உண்டு. போட்டித் தோட்டாக்கள் ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் குறைவாக, நொடிக்கு 320 அல்லது 330 மீட்டர் வேகத்தில் செல்கின்றன. அதிவேகத் தோட்டா ஒலியை மிஞ்சிப் புறப்பட்டு, வழியில் வேகம் குறைந்து ஒலிவேகத்தைக் கடக்கும்போது சற்றுத் தடுமாறும். எந்தத் தோட்டா ஒரு துப்பாக்கிக்குப் பொருந்தும் என்பது சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். நான்கைந்து வகை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐந்தைந்து சுட்டு, எது நெருங்கி விழுகிறதோ அதையே தொடர வேண்டும். நம் முகாமில் இதைத்தான் 'குரூப்பிங்' என்கிறோம். நடுவில் படுவதைவிட நெருங்கி விழுவதே முதல் தேர்ச்சி. நெருக்கம் வந்தால் குறியைத் திருத்தி நடுவுக்குக் கொண்டுவரலாம். சிதறலை எந்தத் திருகாணியாலும் திருத்த முடியாது.

அட்டையும் உயிரும்

இதுவரை சொன்னது கருவியைப் பற்றி. இனிச் சொல்வது மனச்சாட்சியைப் பற்றி.

அட்டையில் ஒன்பதாம் வட்டத்தில் பட்டால் ஒரு மதிப்பெண் குறையும். அணிலின் மேல் அப்படிப் பட்டால், அது காயத்தோடு பொந்துக்குள் புகுந்து நாட்கணக்கில் துடித்துச் சாகும். அணிலின் தலை சுமார் நான்கு சென்டிமீட்டர், அவ்வளவுதான் இலக்கு. ஐம்பது மீட்டருக்குச் சரிசெய்த .22 குண்டு நூறு மீட்டர் போவதற்குள் ஏறத்தாழ ஒரு சாண் கீழே இறங்கிவிடும். எனவே அவளுக்கு ஒரு விதி எழுதினேன்: "உன் மகள் காட்டில் எப்படி நிற்பாளோ, உட்காருவாளோ, அந்த நிலையிலேயே அட்டையில் ஐந்து தோட்டா சுடட்டும். நம் பத்து ரூபாய் நாணயத்தின் அளவுக்குள் ஐந்தும் விழும் தூரம் எதுவோ, அதுவே அவளுடைய வேட்டைத் தூரம். அது இருபது மீட்டரானால் இருபதே. பெட்டியில் என்ன அச்சிட்டிருந்தாலும் அதற்கு மேல் ஓர் அடியும் கூடாது."

இன்னொன்றும் எழுதினேன்: "மரக்கிளையில் அணில் தெரிந்தால், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல். அடிமரம் இருந்தால் குண்டு அதில் தங்கும். வானம் இருந்தால் குண்டு எங்கே போய் விழும் என்று கடவுள் ஒருவருக்கே தெரியும்."

அம்மாநிலத்தில் முதல் உரிமம் பெறுமுன் வேட்டைப் பாதுகாப்புப் பாடம் கற்றுத் தேற வேண்டும் என்பதும், சிறுவிலங்கு வேட்டையின்போது பளிச்சிடும் ஆரஞ்சு நிற உடை அணிய வேண்டும் என்பதும் சட்டம். இவற்றை அன்புக்காகவும் தளர்த்தக் கூடாது என்று வற்புறுத்தினேன்.

வேட்டையாடுவோருக்குத் திருச்சபையில் ஒரு பாதுகாவலர் உண்டு. அவர் கி.பி. 727-ல் இறந்த லீஜ் நகர ஆயர் புனித ஹூபெர்ட். திருநாள் நவம்பர் 3. பெரிய வெள்ளியன்றுகூட வேட்டைக்குப் போன அவர், துரத்திய மானின் கொம்புகளுக்கிடையே சிலுவை ஒளிரக் கண்டு மனந்திரும்பினார் என்பது மரபுக் கதை. வேட்டைக்காரரின் பாதுகாவலராக மக்கள் போற்றுவது, துரத்துவதை நிறுத்தி மண்டியிட்ட ஒருவரை என்பதைக் கவனியுங்கள். உயிர்களைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு ஒவ்வாது என்பதே நம் மறைக்கல்வியும்.

நம் நாட்டில்

நம் மாணவியர் ஒன்றைத் தெளிவாக அறிய வேண்டும். இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலில் உரிமத்தோடு சிறுவிலங்கு வேட்டைக்கு இடம் வைத்திருந்தது. 1991-ல் வந்த திருத்தம் அந்த வாயிலையும் அடைத்துவிட்டது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றி .22 துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். ஆகவே நமக்கு .22 என்பது அட்டைக்கும் போட்டிக்கும் மட்டுமே. அதுவும் சுடுதளத்தில், பயிற்சியாளர் கண்முன்.

அதில் நம் பெண்கள் அடைந்துள்ள உயரம் சிறிதன்று. 1976-ல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆண்களும் பெண்களும் ஒன்றாகவே சுட்டனர். 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் அமெரிக்கரான மார்கரெட் மர்டாக்கும் லானி பாஷமும் சமமான புள்ளிகள் பெற்றனர். இலக்கட்டைகளை மீண்டும் ஆராய்ந்து பாஷமுக்குத் தங்கம் அளித்தார்கள். நாட்டுப் பண் ஒலித்தபோது அவர் மர்டாக்கைத் தம் மேடைக்கே ஏற்றித் தம்மருகில் நிறுத்திக்கொண்டார். 1984 முதல் பெண்களுக்குத் தனிப்போட்டி வந்தது. 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் சிஃப்ட் கௌர் சம்ரா அதே மூன்று நிலைப் போட்டியில் 469.6 புள்ளிகள் எடுத்து, உலக சாதனையோடு தங்கம் வென்றார். 2018 உலகப் போட்டியில் காற்றுத் துப்பாக்கியில் வெள்ளி வென்ற அஞ்சும் மௌட்கில் பள்ளி நாளில் என்.சி.சி. வழியாகவே இவ்விளையாட்டுக்கு வந்தவர். நாளை அந்த வரிசையில் நம் பள்ளி மாணவி ஒருத்தியும் நிற்கலாம்.

முடிவுரை

மாணவியரே, துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதற்கும் வாழ்க்கையில் வேறு எதையும் தேர்ந்தெடுப்பதற்கும் கேள்விகள் ஒன்றே. எதற்காக? என் அளவுக்குப் பொருந்துமா? தவறினால் யார் துன்புறுவார்? இம்மூன்றுக்கும் விடை கண்டபின் விலையையும் அழகையும் பார்க்கலாம்.

சென்ற கிறிஸ்துமசுக்கு அந்தப் பழைய மாணவியிடமிருந்து மறு கடிதம் வந்தது. பாதுகாப்புப் பாடத்தில் மகள் தேறிவிட்டாள். ஆறு பவுண்டு போல்ட் ரைபிள் ஒன்றை அளவெடுத்து வாங்கினார்களாம். கோடை முழுதும் அட்டையில் பழகி, அக்டோபரில் தந்தையோடு காட்டுக்குப் போனாள். வெகுநேரம் காத்திருந்தபின் மேலே ஒரு கிளையில் அணில் வந்து அமர்ந்தது. தூரம் சரி, குறியும் சரி. ஆனால் அதன் பின்னால் வானம். அவள் விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டாள். அணில் ஓடிவிட்டது. வீட்டுக்கு வந்து, "வெறுங்கையோடு வந்துவிட்டேன், அம்மா" என்றாளாம்.

வெறுங்கை அன்று. சுடாமல் வைத்திருந்த அந்த ஒரு தோட்டாவுக்கு முழு மதிப்பெண் போட்டுப் பதில் எழுதினேன்.